புது நாடு, பெரிய சிட்டி, தனியா போறேன். முதல் ரெண்டு வாரம் எப்படி சமாளிக்கிறது?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் வேலைக்காக வெளிநாடு போறேன், தனியா போறது இதுதான் முதல் தடவை. மெட்ரோ, டிராம், பஸ் எல்லாம் ஓடுற பெரிய சிட்டி, ரோட்டுல வண்டியெல்லாம் வலது பக்கமா போற நாடு, அந்த ஊர் பாஷை சுத்தமா தெரியாது. ஃப்ளைட் போய் இறங்குறதே ராத்திரி 11 மணிக்கு, அதை நெனச்சாதான் வயித்தக் கலக்குது. வீடியோல ஒருத்தர் பயமே வேணாங்கறார், இன்னொருத்தர் பர்ஸ் பத்திரம்ங்கறார். போய் இருந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வழிப்போக்கன்:
திருடன விட ரோட்டுக்குத்தான் பயப்படணும்மா. நான் போன மூணாவது நாள் ரோட்டைக் கடக்க வலது பக்கம் பாத்தேன், காலியா இருந்துச்சு, ஒரு கால கீழ வச்சேன், இடது பக்கத்துல இருந்து வந்த பஸ்ஸோட சைடு மிர்ரர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. பக்கத்துல நின்ன ஒரு பாட்டி என் பையப் புடிச்சு இழுத்துட்டாங்க, இல்லன்னா அவ்வளவுதான். கண்ணு பழகின பக்கம்தான் முதல்ல போகும். லண்டன்ல வண்டி இடது பக்கமா போறதால, வெளியூர்க்காரங்களுக்காக வலது பக்கம் பாருங்கன்னு ரோட்டுலயே பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க, எல்லா ஊர்லயும் அப்படி இருக்காது. நீங்க முதல்ல இடது, அப்புறம் வலது, திரும்ப ஒரு தடவ இடது. நடக்கறவங்களுக்குப் பச்சை விழுந்தாலும் பல நாட்டுல திரும்புற வண்டியும் அதே நேரம் வரும், டிரைவர் நம்மள பாத்துட்டாரான்னு பாத்துட்டு இறங்குங்க. டிராம் சத்தமே இல்லாம வரும், தண்டவாளத்துல ஓடுறதால ஒதுங்க முடியாது, சட்டுனு நிக்கவும் முடியாது. காதுல ஹெட்செட் வேணாம். ஓரமா சைக்கிள் பாதை இருந்தா அதுல நின்னு போன் பாக்கவே பாக்காதீங்க.

தேன்மொழி அக்கா:
தம்பி சொன்னது ரொம்ப சரி. ராத்திரி இறங்குறத பத்தி நான் சொல்றேன் நிலா. 11 மணிக்கு இறங்கினா இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வெளிய வர பன்னெண்டு தாண்டிரும், கடைசி ட்ரெயின நம்பாத. வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிரு. வெளிய வந்ததும் டாக்ஸி டாக்ஸின்னு கிட்ட வந்து பெட்டில கை வைக்கறவங்க கூட போகாத, ஏர்போர்ட்டோட டாக்ஸி க்யூ எங்கன்னு போர்டு பாத்து அதுல நில்லு. ஆப்ல புக் பண்ணா நம்பர் பிளேட்ட சரி பாரு, உன் பேர நீ சொல்லாத, யாருக்காக வந்தீங்கன்னு கேளு, அவர் சொல்லட்டும். எனக்கு டாக்ஸில ஏறின உடனே போன் சார்ஜ் போயிருச்சு, அட்ரஸ் அதுக்குள்ளதான் இருந்துச்சு, அன்னைக்கு பட்டது போதும். அதனால அட்ரஸ அந்த ஊர் எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோ. மேப்ப ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிரு, சிம் இல்லன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், நீ எங்க இருக்கன்னு காட்டும்.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. பாஸ்போர்ட்ட எப்பவும் கையில வச்சுக்கணுமா, வீட்டுலயே வச்சிரலாமா?

சாலைப்பூ:
அது நாட்டுக்கு நாடு மாறும்ங்க. ஜப்பான்ல டூரிஸ்டா போறவங்க எப்பவும் பாஸ்போர்ட் கையில வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. நீங்க போற நாட்டோட விதியப் பாருங்க, வீட்டுல வச்சா காப்பி ஒண்ணு பையில, ஒண்ணு மெயில்ல இருக்கட்டும். அவசர நம்பரும் மனப்பாடமா இருக்கணும், ஐரோப்பிய யூனியன் முழுக்க 112, அமெரிக்கால 911, பிரிட்டன்ல 999. மெட்ரோல கதவு கிட்ட நின்னு போன் நோண்டாதீங்க, கதவு மூடுற நேரத்துல புடுங்கிட்டு வெளிய குதிச்சிருவாங்க, நீங்க உள்ளயே மாட்டிப்பீங்க, ஒரு பொண்ணுக்கு நடந்தத நேர்ல பாத்தேன். வழி பாக்கணும்னா ஒரு ஓரமா, முதுகு சுவத்துல படற மாதிரி நின்னு பாத்துட்டு போன உள்ள வச்சிட்டு நடங்க. ஐரோப்பால சில ஊர்ல பேப்பர் டிக்கெட் வாங்கினா மட்டும் போதாது, மெஷின்ல முத்திரை குத்தணும், இல்லன்னா கையில டிக்கெட் இருந்தும் ஃபைன்தான்.

வழிப்போக்கன்:
இன்னொண்ணு விட்டுட்டேன்மா. ஆபீஸ் சேர்றதுக்கு முந்தின நாள் வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு பகல்ல ஒரு தடவ, இருட்டுனதும் ஒரு தடவ நடந்து பாத்துருங்க. பகல்ல அடையாளம் வச்ச கடை ராத்திரி ஷட்டர் போட்டிருக்கும், தெருவே வேற மாதிரி இருக்கும்.