அப்பாவின் சர்வே எண்ணில் 'மானியம் கொடுத்தாச்சு' என்கிறார்கள். கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று மறுப்பு

தக்காளிக்காரன் (பாலக்கோடு வட்டம்):
அப்பா பெயரில் இரண்டே கால் ஏக்கர் இருக்கிறது. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியம் என்பதால் சிட்டா, அடங்கல், தாசில்தார் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். கணினியைப் பார்த்துவிட்டு, "இந்த சர்வே எண்ணுக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சு, ஏழு வருஷம் கழிச்சு வாங்க" என்றார்கள். எங்கள் நிலத்தில் ஒரு முழம் குழாய்கூடக் கிடையாது. இன்றும் வாய்க்கால் பாய்ச்சல்தான்.

யாரோ எங்கள் பெயரில் தின்றுவிட்டார்கள் என்று கோபம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் பெயரில் மனுப் போட்டேன். ஊரில் ஐந்து ஆண்டுகளாக மானியம் வாங்கிய எல்லோரின் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு, போன் எண், தொகை, அப்பாவின் கோப்பு நகல் என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டேன். "மூன்றாம் நபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-யின்படி வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில். கைக்கு வந்து இன்றோடு 22 நாள். அடுத்து என்ன செய்வது?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் ஆதாரும் போன் எண்ணும் எதற்கு? இரண்டு வருடம் முன்பு எங்கள் பக்கம் ஒரு பயனாளிப் பட்டியலை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள், போன் எண்ணோடு. லோன் வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று மா பூக்கிற சமயத்தில் நாளைக்குப் பத்து அழைப்பு. அதில் என் எண்ணும் இருந்தது.

பழைய குமாஸ்தா (தருமபுரி):
முதலில் நாள் கணக்கு. மறுப்பு கைக்கு வந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். உங்களுக்கு எட்டு நாள்தான் மிச்சம். அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அனுப்புங்கள், கட்டணம் இல்லை. தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

அடுத்தது நீங்கள் செய்த தவறு. அப்பாவின் கோப்பை மகன் கேட்டால், சட்டத்தின் கண்ணில் மகனும் வெளியாள்தான். அப்பாவே கையெழுத்துப் போட்டுத் தனி மனு கொடுக்கட்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். "என் சர்வே எண்ணில் உள்ள சொட்டுநீர் மானியப் பதிவு, பணி ஆணை, கள ஆய்வுப் படம்" என்று மட்டும் கேளுங்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் வைத்தால் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள்.

பட்டியல் விஷயம் வேறு. முன்பு 8(1)(ஜே)-யில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவல், தேவையின்றி அந்தரங்கத்தில் நுழைவது என்றெல்லாம் வரம்பு இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரு சொல்லே கதவைச் சாத்தப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இந்தத் திருத்தமே பிடிக்கவில்லை, அது கிடக்கட்டும்.

அவர்கள் தொடாமல் விட்டவை இன்னும் இருக்கின்றன. பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளி விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பது 4(1)(பி)-யின் 12-ஆவது இனம். தரக்கூடாததை மறைத்து மற்றதைத் தரச் சொல்வது பிரிவு 10. நூறு நாள் வேலையில் யாருக்கு எவ்வளவு கூலி என்று பெயரோடு இணையத்தில் கிடக்கிறதே, அதையும் எழுதுங்கள்.

தக்காளிக்காரன்:
ஐயா, காரணம் சொல்லத் தேவையில்லை என்றுதானே சட்டம் சொல்கிறது?

பழைய குமாஸ்தா:
மனுவுக்குத் தேவையில்லை, 6(2) அதுதான். ஆனால் 8(2)-ஐப் பிடித்து வாதாடும்போது பொதுநலன் என்னவென்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆதார், கணக்கு, போன் எண் வேண்டாம் என்று மேல்முறையீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயர், உட்பிரிவோடு சர்வே எண், தொகை, தேதி போதும். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். நியாயமில்லாமல் மறுத்திருந்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. அதுவரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

தக்காளிக்காரன் (ஐந்து வாரம் கழித்து):
பட்டியலுக்கான மேல்முறையீடு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அப்பாவின் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. அவர் பெயரில் கோப்பே இல்லை. பதிவில் எங்கள் சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு எழுதாமல் விட்டிருக்கிறார்கள். வாங்கியவரின் பெயர், கணக்கு எண் எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தது. ஆனால் கள ஆய்வுப் படத்தில் மோட்டார் கொட்டகை தெரிகிறது. அப்பா பார்த்ததுமே, "இது நம்ம பங்காளி கொட்டகையாச்சே" என்றார். அவர் நிலத்தில் குழாய் நிஜமாகவே ஓடுகிறது. எங்கள் உட்பிரிவு 2பி, அவருடையது 2ஏ.

மாந்தோப்பு:
மை அடித்தவர் கொட்டகையை விட்டுவிட்டாரே!

பழைய குமாஸ்தா:
நல்லது. இரண்டு உட்பிரிவும் தெரிகிற புலப்படம், உங்கள் சிட்டா, வந்த பதிலின் நகல் மூன்றையும் வைத்து, பதிவில் உட்பிரிவைத் திருத்தச் சொல்லி அப்பா பெயரிலேயே மனுக் கொடுங்கள். போகும்போது பங்காளியையும் கூட்டிக்கொண்டு போங்கள், வேலை சுருக்காக முடியும்.