லூகர் பி08: மூன்று கிரீடங்களும் இரண்டு ஆண்டுகளும்

வினா:
ஜெர்மனியின் அருங்காட்சியகம் ஒன்றில் லூகர் பி08 கைத்துப்பாக்கியைப் பார்த்தேன். தோட்டா அறையின் மேல் 1917 என்றும், அதற்கு மேலே 1920 என்றும் பொறித்திருக்கிறது. வலப்பக்கத்தில் கிரீடம் சூடிய மூன்று எழுத்துகளும் ஒரு கழுகும் உள்ளன. விளக்கப் பலகையோ ‘1920இல் செய்யப்பட்டது’ என்கிறது. பொதுமக்களுக்கு விற்ற துப்பாக்கிகளிலும் கிரீடம் உண்டென்பதால், இது படைக்குரியதுதானா என்ற ஐயமும் எழுகிறது.

மறுமொழி 1:
கிரீடத்தைவிட, அதன் கீழுள்ள எழுத்தைப் பாருங்கள். பொதுச் சந்தைக்குச் சென்றவற்றில், புகையில்லா வெடிமருந்தால் சோதித்ததற்கு அடையாளமாகக் கிரீடத்தின் கீழ் ‘என்’ (N) என்ற ஒரே எழுத்து இருக்கும். 1940 முதல் அந்தக் கிரீடத்தின் இடத்தைக் கழுகு பிடித்தது. நீங்கள் கண்டவை பழைய ஜெர்மானிய வடிவ எழுத்துகள் என்றால், அவை படை ஆய்வாளர்களின் பெயர் முதலெழுத்துகள். தயாரிப்பின் வெவ்வேறு கட்டங்களில் உறுப்புகளைப் பார்த்து ஏற்றதற்கு அவர்கள் இட்ட ஒப்பம் அது. நீங்கள் கண்ட கழுகின் பொருள் வேறு: வழக்கத்தைவிட அழுத்தம் மிகுந்த தோட்டாவைச் சுட்டும் துப்பாக்கி தாங்கி நின்றது என்பதே அதன் சான்று. ஆய்வு முத்திரையையும் சோதனை முத்திரையையும் ஒன்றாக எண்ணுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

மறுமொழி 2:
பலகையில் உள்ளது பிழை. 1917தான் தயாரிப்பு ஆண்டு. முதல் உலகப் போருக்குப்பின் ஆயுதங்கள் பலர் கையில் சிதறிக் கிடந்த நிலையில், அரசுக்குரியவற்றைப் பிரித்தறிய, பேரரசுக்குப்பின் ஜெர்மனியை ஆண்ட வைமார் குடியரசு இட்ட உடைமை முத்திரைதான் 1920. எனவே நீங்கள் பார்த்த துப்பாக்கி பேரரசின் படைக்காகச் செய்யப்பட்டு, குடியரசின் கைக்கு மாறியது.

வினா எழுப்பியவர்:
மிக்க நன்றி. குழலின் அடியில் 8,82 என்றும் இருந்தது. அது தொடரெண்ணின் பகுதியா?

மறுமொழி 1:
இல்லை, அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடுவர். குழலுக்கெனத் தனிக் கழுகு முத்திரையும், துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் உள்ள அதே தொடரெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் மாறுபட்டால் குழல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம்.

மறுமொழி 3:
எர்ஃபுர்ட் அரசு ஆலையின் பி08 கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு உறுப்புகளில்கூடக் கிரீடத்தைக் குத்தித் தள்ளியிருப்பார்கள். ஹிட்லர் காலத்தில் மவுசர் நிறுவனம் படைக்காகச் செய்தவற்றிலோ கிரீடமே இல்லை. கழுகின் கீழ் 63, 655, 135 போன்ற ஆய்வு எண்களே இருக்கும்.