கொட்டேஜ் போட் ஓட்டப் போறீங்களா? கார்ட், செக்லிஸ்ட், டொக்கில் பார்க்க வேண்டியவை

கவார்த்தாக்காரன்:
மே மாத நீண்ட வார இறுதி வந்தால் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துச் சனம் ஏரிக்கரைக் கொட்டேஜுக்கு வெளிக்கிட்டுவிடும். டொக்கில் (படகு கட்டும் துறையில்) முதலில் பிரச்சினையாவது போட் ஓட்டும் தகுதியைக் காட்டும் கார்ட்தான். மோட்டர் பூட்டிய எந்த உல்லாசப் படகை ஓட்டுபவருக்கும் 2009 செப்டம்பர் 15 முதல் கனடாவில் தகுதிச் சான்று கட்டாயம். மீன்பிடிக்கப் பூட்டும் சின்ன மின்மோட்டரும் மோட்டர்தான். வெறும் துடுப்பு வலிக்கும் கனூவுக்குத் தேவையில்லை. கார் லைசென்ஸ் இதற்குச் செல்லாது. போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த பாடநெறி ஒன்றைப் படித்து, 50 கேள்விச் சோதனை எழுதித் தேறினால் கார்ட் ஆயுளுக்கும் செல்லும். ஓட்டும்போது கார்ட் போட்டில் இருக்க வேண்டும். சான்று இல்லாமல் ஓட்டினால் தண்டம் 250 டொலர்.

அதிகம் பேர் பிடிபடுவது ஸ்டியரிங் கைமாறும்போதுதான். கார்ட் உள்ளவர் பின்னால் போய் இருக்க, மச்சான் பிடிப்பார். சான்று கேட்கப்படுவது அந்த நேரத்தில் ஓட்டுகிறவரிடம். இன்னொன்று: 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள போட்டுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அந்த இலக்கம் முன்பக்கம் இரு பக்கமும் 7.5 செ.மீ உயர எழுத்தில் இருக்க வேண்டும். அது போட்டுக்கு, கார்ட் ஆளுக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

வாடகைப்பக்கம்:
அண்ணா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். கார்ட் இல்லாதவர் வாடகைப் போட் எடுத்தால் பாதுகாப்புச் செக்லிஸ்ட் ஒன்றை நிரப்பி, தருபவரும் ஓட்டுபவரும் கையெழுத்திட வேண்டும். அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் அது சான்றாகும். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்த சித்தப்பா இங்கு பதிவான போட்டை ஓட்டுவதானாலும் சான்று வேண்டும். கொட்டேஜோடு சேர்ந்து வரும் போட்டுக்கும் சான்று வேண்டும்.

செக்லிஸ்டை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதைத்தான் தயவுசெய்து நிறுத்துங்கள். போட்டை நியூட்ரலுக்கு எப்படிக் கொண்டுவருவது, ரிவேர்ஸில் எந்தப் பக்கம் இழுக்கும், எஞ்சினை நிறுத்தும் கயிறு எங்கே, ஏரியில் பாறை எந்தப் பக்கம் என்று நான்கையும் கேட்டு, கையால் செய்து பாருங்கள். அந்தக் கயிற்றை ஓட்டுபவர் கையிலோ அங்கியிலோ கொளுவ வேண்டும். ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்கும், இல்லாவிட்டால் போட் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடும்.

பிள்ளைகள் விடயம்: வளர்ந்தவர் கூடவே இருந்து பார்க்காவிட்டால் 12 வயதுக்குக் கீழ் 10 குதிரைவலு வரைக்கும், 12 முதல் 15 வரை 40 வரைக்கும்தான் ஓட்டலாம். ஜெட் ஸ்கீ 16க்குக் கீழ் யாருக்கும் இல்லை, அப்பா பின்னால் இருந்தாலும் இல்லை.

சிம்கோ மீன்பிடி:
6 மீற்றருக்குக் குறைந்த போட்டில் பார்க்க வேண்டியவை: ஆளுக்கு ஒன்றாக அளவான உயிர்காப்பு அங்கி, மிதக்கும் எறிகயிறு 15 மீற்றர், துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் அள்ளும் வாளி (750 மி.லி. கொள்ள வேண்டும்), விசில், நீர்புகா டோர்ச். இருட்டில் ஓடுவதென்றால் விளக்குகள். உள்ளெஞ்சினோ நிலையான பெற்றோல் தாங்கியோ இருந்தால் தீயணைப்பான்.

அங்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் போட்டு, கொக்கி எல்லாம் பூட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் அது பெரிது. தண்ணீரில் முகத்தை மூடிவிடும். 'வளர்ந்ததும் போடலாம்' என்று ஒரு சைஸ் கூட வாங்குவது இங்கே ஆபத்து. தானாக ஊதும் வகை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கோ 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கோ ஆகாது.

வளர்ந்தவர்களிடம் சட்டம் கேட்பது அங்கி போட்டில் இருப்பதை. ஆனால் மே மாதத் தண்ணீர் வேறு மாதிரி. விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போய்விடும். அடுத்த 10 நிமிடத்தில் கைவிரல் சொன்னபடி கேட்காது. குளிரில் நினைவு தவற ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், ஆனால் அங்கி இல்லாதவர் அதற்கு வெகு முன்பே மூழ்கிவிடுவார். சீட்டுக்குக் கீழே பொலித்தீன் பையில் கிடக்கும் அங்கியை விழுந்தபின் எடுத்து மாட்டவே முடியாது. டொக்கிலேயே போடுங்கள்.

வாடகைப்பக்கம்:
பொன்டூன் போட்டில் (மிதக்கும் குழாய்கள் மேல் தட்டையான தளம் உள்ளது) முன் கேட்டுக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டு இருக்க விடாதீர்கள். வேகம் குறையும்போது முன்பக்கம் தாழும். அதில் விழுபவர் நேரே போட்டுக்கு அடியில், புரொபெல்லர் பக்கம் போவார்.

பெற்றோல்: கழற்றக்கூடிய தாங்கியைக் கரையில் வைத்து நிரப்புங்கள். நிலையான தாங்கியென்றால் எல்லோரையும் இறக்கி, ஜன்னல், கதவு சாத்தி நிரப்புங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், அடித்தட்டில் போய்த் தங்கும். உள்ளெஞ்சினென்றால் ஸ்டார்ட் பண்ணமுன் 4 நிமிடம் புளோவர் (ஆவியை வெளியேற்றும் விசிறி) ஓட வேண்டும்.

பியர் பெட்டியும் கேட்கத் தேவையில்லாமல் ஏறிவிடுகிறது. ஒன்ராறியோவில் நிரந்தரப் படுக்கை, சமையல், கழிப்பறை வசதி உள்ள போட்டில், அதுவும் நங்கூரமிட்டோ கட்டியோ இருக்கும்போதுதான் குடிக்கலாம். போட்டில் மதுபோதையில் பிடிபட்டால் கார் லைசென்ஸும் போகும்.

கவார்த்தாக்காரன்:
வாய்க்காலின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு, பச்சை மிதவைகளில் பலர் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. ஆற்றோட்டத்துக்கு எதிராக மேலே போகும்போது சிவப்பு வலக்கைப் பக்கம், பச்சை இடக்கைப் பக்கம். ட்ரெண்ட்-செவேர்ன் நீர்வழியில் ட்ரென்டனிலிருந்து பீற்றர்பரோ வழியாக வந்தால் பால்சம் ஏரிதான் உச்சி. போட்டை ஏற்றி இறக்கும் கிர்க்ஃபீல்ட் லிஃப்ட் லொக்கைத் தாண்டி சிம்கோ பக்கம் இறங்கத் தொடங்கினால் நீங்கள் கீழ்நோக்கிப் போகிறீர்கள். சிவப்பு இடக்கைக்கு மாறிவிடும். காலையிலிருந்து சிவப்பை வலப்பக்கம் பார்த்தே ஓடிவந்தவர் அங்கும் அப்படியே ஓடினால் வாய்க்காலை விட்டு வெளியே போய்ப் பாறையில் புரொபெல்லரை அடிப்பார். லொக்கில் காத்திருக்கும்போது வரைபடத்தைத் திறந்து, அடுத்த மிதவை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்.

கரையிலிருந்து 30 மீற்றருக்குள் பொதுவாக 10 கி.மீ. வேகம்தான், வேறு பலகை இருந்தால் அதன்படி. அலை போய் மற்றவர் டொக்கில் கட்டிய போட்டை இடித்தால் அதற்கும் ஓட்டியவர்தான் பொறுப்பு.