பாத்திரச் சண்டையும் பொம்மனஹள்ளியும்: '1984' நாவலில் ஓரிடம்

தையல்காரி மகள் (பெங்களூரு):

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை இரண்டாம் தடவையாகப் படிக்கிறேன். ஓரிடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. கதை நடக்கிற சர்வாதிகார நாடான ஓஷியானியாவின் ஜனத்தொகையில் 85 சதவீதம் ப்ரோல்கள், அதாவது உழைக்கிற சனம். நம்பிக்கை இருந்தால் அது இவர்களிடம்தான் என்று, அந்த ஆட்சியை வெறுக்கிற கதாநாயகன் வின்ஸ்டன் டைரியில் எழுதுகிறான். முன்பு நடந்த ஒன்று அவனுக்கு ஞாபகம் வருகிறது: தெருவில் நூற்றுக்கணக்கான பெண்கள் போடும் கூச்சல் கேட்கிறது. கலகம் வந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தால் தகரப் பாத்திரத்துக்குச் சண்டை. இரண்டு பேர் இழுத்த இழுப்பில் கைப்பிடியே கழன்று வருகிறது. இந்தக் குரல் உருப்படியான விஷயத்துக்கு ஏன் எழும்புவதில்லை என்று அவன் நொந்துபோகிறான்.

என் அம்மா பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் 14 வருஷம் மெஷின் ஓட்டினார். 2016 ஏப்ரலில், முதலாளி கட்டிய பிஎஃப் பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்க முடியாது என்று ஒரு விதி வரவிருந்தது. கல்யாணம், ஸ்கூல் ஃபீஸ் என்று எது வந்தாலும் இந்தப் பெண்கள் வேலையை விட்டு பிஎஃப் எடுத்துத்தான் சமாளிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி கன்னடப் பேப்பரைப் படித்துக் காட்டியிருக்கிறாள். "யாரும் கூப்பிடலை. பக்கத்து லைன்ல மெஷின் நின்னுச்சு, எங்களுதும் நின்னுச்சு" என்பார் அம்மா. ஏப்ரல் 18ஆம் தேதி ஓசூர் ரோடு அடைபட்டது. எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. மறுநாள் ஊரின் வேறு பக்கங்களிலும் இறங்கினார்கள். தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசினார்கள், பஸ்கள் எரிந்தன. அன்று சாயங்காலமே மத்திய அரசு விதியை வாபஸ் வாங்கியது.

வின்ஸ்டன் கண்ணுக்கு பிஎஃப் பணமும் தகரப் பாத்திரமாகத்தான் தெரிந்திருக்கும். உணர்வு வந்தால்தான் எழுவார்கள், எழுந்தால்தான் உணர்வு வரும் என்று அவன் ஒரு முடிச்சுப் போடுகிறானே, அதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா?

தாராவிக்காரன் (மும்பை):

தங்கச்சி, ப்ரோல்களுக்குள் உளவாளிகள் திரிவதையும் ஆர்வெல் எழுதியிருக்கிறார். ஆபத்தாக வளரக்கூடிய ஒன்றிரண்டு பேரை முளையிலேயே தீர்த்துவிடுவார்கள். அதை மறந்துவிட்டு அந்தச் சனத்தைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் இன்னொன்றும் உண்டு. 1982 ஜனவரி 18ஆம் தேதி இங்கே கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். தத்தா சாமந்த் தலைமை. உணர்வு இருந்தது, தலைவர் இருந்தார், எண்ணிக்கையும் இருந்தது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று கடைசிவரை யாரும் முறையாக அறிவிக்கவில்லை, மில்கள்தான் ஒவ்வொன்றாகப் போயின. பரேலில் என் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். அந்த வருஷத்துக் கடன் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. முதலில் பீடி, டீத்தூள். போகப்போக அரிசி மட்டும். அப்புறம் பல பேர்களே இல்லை, ஊருக்குப் போய்விட்டார்கள். முதலாளியால் காத்திருக்க முடியும். அரிசிப்பானையால் முடியாது. உங்கள் அம்மாவின் போராட்டம் இரண்டு நாளில் முடிந்தது, அது கொடுப்பினை.

கே.ஆர்.புரம் வாசகன்:

நாவலின் பின்னிணைப்பையும் படியுங்கள். அந்த ஆட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஆட்சி எப்போதோ விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். யார் கவிழ்த்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

தையல்காரி மகள்:

அண்ணா, அந்தக் கடன் நோட்டை நினைத்து ராத்திரி தூக்கமே வரவில்லை. பாத்திரச் சண்டையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கைப்பிடி கழலுற அளவுக்கு இழுத்தான்னா, வீட்ல எத்தனை நாள் ஓட்டைப் பாத்திரத்துல சமைச்சாளோ" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நாவலில் இதற்குக் கொஞ்சம் முந்தித்தான் வின்ஸ்டனின் கூட்டாளி சைம் வந்து ஷேவிங் பிளேடு இருக்கிறதா என்று கேட்கிறான். ஒன்றுகூட இல்லை என்கிறான் வின்ஸ்டன். இரண்டு புது பிளேடை ஒளித்து வைத்திருக்கிறான்.

மறுநாள் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று அம்மா கேட்டார். புத்தகத்தில் இல்லை.