பொருள்: கட்டிலின் குறுக்குப் பட்டைக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டில் சிறு பட்டறை வைத்து மரவேலை பழகுகிறவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டில் செய்யும் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இருபுறமும் ஓடும் நெடுஞ்சட்டம், அகலக் கட்டிலுக்கு ஊடே ஒரு நடுச்சட்டம். இவற்றில் சிக்கல் இல்லை. நெடுஞ்சட்டத்தின் உட்புறம் ஒரு தாங்குகட்டையைத் திருகாணியால் முடுக்கி, அதன்மேல் குறுக்கே வரிசையாக அடுக்குகிறோமே, மெத்தையைத் தாங்கும் பட்டைகள்: 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். ஆங்கிலத்தில் ஸ்லாட். அதற்குத்தான் சொல் வேண்டும்.

ஒலிபெயர்த்துவிடலாம் என்றால் இன்னொரு தொல்லை. சில கட்டில்களில் இந்தப் பட்டைகள் உட்காரும் வெட்டுக்கும் ஆங்கிலத்தில் ஸ்லாட் என்றே சொல்கிறார்கள். அங்கே உயிரெழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஸ்லாட்டை ஸ்லாட்டில் பொருத்துக’ என்று அச்சடித்துக் கொடுத்தால் படிப்பவர் எதை எதில் பொருத்துவார்?

— மொழிபெயர்ப்பாளர்

அம்மா, வணக்கம்.

வெட்டுக்குப் பட்டறையில் காடி என்ற சொல் இருக்கிறது. காடி எடுப்பது என்று எந்த ஆசாரியிடம் சொன்னாலும் உளியைக் கையில் எடுப்பார். அதைத் தேட வேண்டாம். பட்டைக்கும் தேட வேண்டாம் என்பதே என் கருத்து. ரீப்பர். மரக்கடையில் ‘2-க்கு 1 ரீப்பர்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். ஓட்டுக்கு அடியில் அடிப்பதும் அதுதான், கட்டிலில் அடுக்குவதும் அதுதான்.

— கோவைத் தச்சன்

கோவை நண்பருக்கு,

ரகரம் மொழிக்கு முதலில் வராது. ‘இரீப்பர்’ என்று எழுதிக்கொள்ளலாம் என்பீர்கள். ‘வடஎழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை விலக்கி எழுதுக என்று தொல்காப்பியரே வழி காட்டியிருக்கிறார் என்பீர்கள். அவர் வழி காட்டியது இல்லாத சொல்லுக்கு. இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு வருவதற்கு அன்று. ரீப்பர் வருவதற்கு முன் நம் ஊர்க் கூரைகள் எதன்மேல் நின்றன? மூங்கில் தப்பையின்மேல்தானே? எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டுவதும் அந்தத் தப்பைதான். தட்டையானது, நீளமானது, பாரம் தாங்குவது. பத்தை என்றும் சொல்வோம். ‘கட்டில் தப்பை’ என்று எழுதுங்கள் அம்மா, எந்தக் குறையும் இல்லை.

— குடந்தையான்

ஐயா,

தொல்காப்பியத்தை எடுத்தது நீங்கள் என்பதால் கேட்கிறேன். ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்று மரபியலில் இருக்கிறதே. மூங்கிலுக்கு வயிரம் வெளிப்புறத்தில், அது புல். தேக்குக்கும் வேம்புக்கும் வயிரம் உள்ளே, அவை மரம். புல்லின் உறுப்புக்குச் சொல்கிற பெயரை மரத்தின் உறுப்புக்குச் சொல்லக்கூடாது என்று பிரித்து வைத்தவர்களே நம் முன்னோர்தாம். ஈர்க்கு என்பதைப் புல்லுக்குத்தான் வைத்தார்கள். தப்பை என்றால் பிளந்த மூங்கில். தேக்கிலிருந்து அறுத்து, இழைப்புளி போட்ட பட்டையை எப்படித் தப்பை என்பது?

— நெல்லைச் சாரல்

வணக்கம்.

எங்கள் பக்கம் இதற்கு வரிச்சு இருக்கிறது. மண்வீடு கட்டும்போது கம்புகளை நட்டு, குறுக்கே தடிகளை வரிசையாகக் கட்டி, இடைவெளியில் களிமண் அப்புவார்கள். குறுக்கே கட்டும் அந்தத் தடிதான் வரிச்சு. சிங்களத்திலும் அத்தகைய வீட்டை வரிச்சி என்றே சொல்கிறார்கள். கூரையில் ஓலை வேய்வதற்குக் குறுக்கே கட்டுவதும் வரிச்சே. குறுக்கே, சம இடைவெளியில், மேலே வருவதைத் தாங்க: கட்டிலில் நடப்பதும் இதுதானே?

— மட்டுநகரான்

மட்டுநகர்த் தம்பிக்கு,

வாழ்க. தப்பையை நான் விட்டுவிடுகிறேன்.

வரிதல் என்றால் கட்டுதல். ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்கிறோம் அல்லவா, அந்த வரிதான் வரிச்சு. கட்டிலைப் பாருங்கள்: கட்டப்பட்டது ஆதலால் கட்டில். கயிறோ வாரோ கொண்டு பின்னியதுதான் முதல் கட்டில். புறநானூறு 82-ஐ எடுத்துப் பாருங்கள். ஊரில் விழா தொடங்கிவிட்டது, மனைவி பிள்ளை பெறும் நிலையில் இருக்கிறாள், மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது; அந்த நேரத்தில் ஒருவன் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் வாரை இழுத்துச் செல்லும் ஊசி எவ்வளவு விரைந்து போகுமோ அவ்வளவு விரைவாக நடந்தது போர் என்கிறார் சாத்தந்தையார். ‘போழ்தூண்டு ஊசி’ என்ற தொடரைப் பாருங்கள். போழ் என்றால் கிழித்தெடுத்த வார். அம்மாவின் வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் நெருங்குகிறது.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலும் இருக்கிறது. நாற்பது வயது யானையின் தந்தத்தை ‘கூர் உளிக் குயின்ற’ இலை வேலைப்பாடு. கால் எப்படி? குடம்போலத் திரண்டு, உள்ளிப்பூண்டுபோல் உருண்ட உறுப்பைப் பொருத்தி ‘அடி அமைத்து’. கடைசல் பிடித்த கட்டில் கால் இன்றைக்கும் அப்படித்தானே இருக்கிறது! செதுக்குதல் என்ற பொருளில் வரும் குயிலுதல் என்ற வினையை நாம் இழந்தது பெரிய இழப்பு. காடிக்குப் பதில் ‘குயில்வாய்’ என்று எழுதலாமா என்றும் யோசிக்கிறேன்.

— குடந்தையான்

ஐயா, குயில்வாய் வேண்டாம். படிக்கிறவர் பறவையைத்தான் நினைப்பார்.

— நெல்லைச் சாரல்

அனைவருக்கும்,

இலக்கியத்தில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் பட்டையின் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். 78 அங்குலக் கட்டிலுக்கு 3 அங்குலப் பட்டையை 3 அங்குல இடைவெளியில் வைத்தால் 13 வரும். இடைவெளி கூடினால் நுரைமெத்தை அதில் பிதுங்கி இறங்கும்; இடைவெளியே விடாமல் பலகையை மூடிவிட்டால் மெத்தையின் அடியில் காற்றோட்டம் இராது, நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். நார்வாக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, பட்டையின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். நடுவில் கணு இருந்தால் அங்கேதான் ஒடியும். கொஞ்சம் வில்லாக வளைந்த பட்டை என்றால் முதுகு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும், ஆள் படுத்தால் நேராகிவிடும். இவ்வளவு கவனமாக அறுத்து இழைத்த பொருளுக்கு, சுவருக்குள் மண்ணோடு புதைகிற கோணல் தடியின் பெயரா? எங்கள் பக்கம் வரிச்சு என்றால் கம்பு. கையேட்டைப் படித்த பையன் உருண்டைக் கம்பை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். மேலும் இந்தப் பட்டையை யாரும் வரிந்து கட்டுவதில்லை. திருகாணி போடுகிறோம், அல்லது சும்மா வைக்கிறோம்.

— கோவைத் தச்சன்

கட்டுவதில்லை என்பது சரி. மரக்கட்டிலையும்தான் இப்போது யாரும் கட்டுவதில்லை. கட்டில் என்ற பெயர் போய்விட்டதா? உருவம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. சட்டம் என்று சேர்த்துவிடலாம்: வரிச்சட்டம்.

— மட்டுநகரான்

வரிச்சட்டம் என்றால் வருமான வரித் துறைக்குப் போய்விடும். வரிச்சுப்பலகை என்று வைத்துக்கொள்வோம். தட்டை என்பதும் தெரியும், குறுக்கே என்பதும் தெரியும்.

— நெல்லைச் சாரல்

அன்பர்களே,

கெடு நெருங்கிவிட்டது. வரிச்சுப்பலகைக்குப் பெரும்பாலோர் இசைந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘மரக்கடையில் ரீப்பர் என்று கேட்டு வாங்குங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். அடுத்தடுத்த இடங்களில் வரிச்சுப்பலகை மட்டும். வெட்டுக்குக் காடி.

— மொழிபெயர்ப்பாளர்

இசைகிறேன். அச்சேறட்டும். ஆனால் பலகை ஒட்டு தேவையில்லை என்ற என் கருத்தைப் பதிவு செய்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு சொல் போதும். பலகை என்ற துணையோடு அனுப்பினால் வரிச்சு தனியே நிற்கப் பழகாது.

— குடந்தையான்

அம்மா,

அந்த ஒரு வரி போதாது. கையேட்டை முதலிலிருந்து யாரும் படிப்பதில்லை. கட்டில் செய்ய நினைப்பவர் வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போவார். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலிலாவது ரீப்பர் என்றே இருக்கட்டும். செய்முறையில் நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும் எனக்கு மறுப்பில்லை. பட்டியலில் வரிச்சுப்பலகை என்று வந்தால் என் வகுப்பில் அதை அடித்துத் திருத்தித்தான் கொடுப்பேன்.

— கோவைத் தச்சன்