நைஜரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பயணத்தைத் தடுத்ததா?

பாலைவழி: மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் 2015ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடைச் சட்டம் (புலம்பெயர்வோரைப் பணத்துக்கு எல்லைக்கு ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கியது) அவர்களின் வடக்கு நோக்கிய பயணத்தை நிறுத்திவிட்டது என்றும், 2023இல் ராணுவ ஆட்சி அதை நீக்கியது பொறுப்பற்ற செயல் என்றும் இம்மன்றத்தில் கணக்கர் நேற்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க இயலாது. முன்பு வட நைஜரின் அகதேஸ் நகரிலிருந்து திங்கட்கிழமைதோறும் ராணுவ வாகனங்களின் பின்னே ஹைலக்ஸ் வண்டிகள் வரிசையாக டிர்க்கு என்ற பாலைவன ஊர் வழியே லிபியா எல்லைக்குப் போயின. சாக்குத்துணி சுற்றிய தண்ணீர்க் கேன்கள் பக்கவாட்டில் தொங்க, சரக்கில் செருகிய கழிகளைப் பிடித்தபடி முப்பது பேர் வரை விளிம்பில் அமர்ந்திருப்பார்கள். ஒரு வண்டி பழுதானால் பின்னால் வருபவர் நின்று உதவுவார். சட்டம் வந்தபின் அதே ஓட்டுநர்கள் கிணறுகளையும் சாவடிகளையும் விட்டு விலகி ஓட்டினார்கள்.

கணக்கர்: கழியையும் கேனையும் வருணித்தால் வாதமாகிவிடாது. புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு 2016இல் நைஜரிலிருந்து வெளியேறியோராகப் பதிவு செய்தது 3,30,000க்கும் மேல். மறு ஆண்டில் அது ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

பாலைவழி: அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட இடங்கள் லிபியா வழியிலுள்ள செகெதினும் அல்ஜீரியா வழியிலுள்ள ஆர்லித்தும். செகெதினைச் சுற்றிப் போன வண்டியை யார் எண்ணினார்கள்?

கணக்கர்: இத்தாலியில் கரையேறியோர் 2016இல் ஏறத்தாழ 1,81,000 பேர், 2018இல் 23,000 பேர். நீங்கள் சொல்லும் எண்ணப்படாத வண்டிகளில் போனவர்கள் எங்கே போய் இறங்கினார்கள்?

பாலைவழி: 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்பின் லிபியக் கடலோரக் காவல்படை படகுகளை மறித்து, அவற்றிலிருந்தவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தது. கடலில் மறித்ததைப் பாலைவனச் சட்டத்தின் வரவில் எழுதாதீர்கள். செகெதினைச் சுற்றிப் போன வண்டியை எண்ணியவர் யார் என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

நெய்தல்: போகிறவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அல்ஜீரியா பிடித்து லாரிகளில் ஏற்றி எல்லையில் இறக்கிவிடுகிறவர்கள், சுமார் 15 கிலோமீட்டர் மணலில் நடந்து நைஜரின் எல்லை ஊரான அசமக்காவுக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

பாலைவழி: அதற்குத் தனித்திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது.

மெய்யன்: சென்ற மாதம் இத்தாலியத் தீவான லாம்பெதூசா பற்றிய திரியிலும் பாலைவழி இதைத்தான் செய்தார். தாம் விரும்பாத செய்தி வந்தால் உடனே தனித்திரி தொடங்கச் சொல்லிவிடுவார்.

கணக்கர்: ஓட்டுநர்களைப் புனிதர்களாக்க வேண்டாம். 2013 அக்டோபரில், இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, நைஜர் பாலைவனத்தில் 92 உடல்கள் கிடைத்தன. அப்போது சுற்றுவழியில் போகும்படி யார் துரத்தினார்கள்?

பாலைவழி: அந்த 92 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்; அல்ஜீரியாவுக்குப் போன நைஜர் நாட்டினர். டிர்க்கு வழிக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. டிர்க்கு வழியில் நடந்ததைச் சொல்கிறேன்: 2017இல், சட்டம் முழுமூச்சாக நடைமுறையில் இருந்தபோது, வண்டி பழுதாகி 44 பேர் தாகத்தால் இறந்தார்கள். நடந்தே ஊர் சேர்ந்த சிலர் சொல்லித்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. சாவடிக் கணக்கில் இது தெரியாது, ஏனெனில் செகெதினில்...

மெய்யன்: மீண்டும் செகெதின்! மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் 1979ஆம் ஆண்டுத் தடையற்ற பயண உடன்பாட்டின்படி கானாக்காரரும் செனகல்காரரும் அகதேஸ் வரை முறையாகவே பேருந்தில் வந்தவர்கள். அவர்களை அங்கேயே குற்றவாளிகளாக நடத்தியதைப் பற்றி இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

கணக்கர்: எழுத வேண்டியதில்லை. சட்டம் தண்டித்தது ஏற்றிச் சென்றவரை, பயணியை அன்று.

பாலைவழி: ஏற்றிச் சென்றவர் யார்? கிளர்ச்சிகளால் சுற்றுலா அழிந்தபின் வேறு பிழைப்பில்லாத பழைய வழிகாட்டிகள் அவர்களில் பலர். வண்டியைப் பறித்துக்கொண்டு, ஐரோப்பிய நிதியில் மாற்றுத்தொழில் தருவதாகச் சொன்னார்கள். விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினருக்கே அது கிடைத்தது.

கணக்கர்: பாதிக்கப்பட்டவர் பயணியா, ஓட்டுநரா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள். 3,30,000 என்பது ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. என் நிலை அதுதான்.

பாலைவழி: இறங்கியது செகெதினில்.