ஈப்போ பக்கம் இரண்டு பேர் ஆடக்கூடிய எஸ்கேப் ரூம் இருக்கிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நானும் தோழியும் முதல்முறையாக எஸ்கேப் ரூம் (ஓர் அறைக்குள் புதிர்களை விடுவித்து, நேரம் முடிவதற்குள் வெளியேறும் விளையாட்டு) போகலாம் என்றிருக்கிறோம், தீபாவளி விடுமுறைக்குள். ஆள் நாங்கள் இருவர்தான். அப்புறம், அவளுக்கு அடைத்த அறை ஆகாது. லிஃப்ட் கதவு சாத்தினாலே உள்ளங்கை வியர்த்து மூச்சு வாங்கும். ஆனால் புதிர் என்றால் உயிர். போயே தீரவேண்டும் என்கிறாள்.

ஈப்போவில் ஓரிடத்துக்கு வாட்ஸ்அப் செய்தேன், நான்கு பேராவது வேண்டுமாம். கதவைப் பூட்டுவீர்களா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இன்னோர் இடத்தில் போனை எடுக்கவில்லை. தம்பிகளைக் கூப்பிட்டால் எஸ்டேட் திடலில் பந்து விளையாட்டாம்! 60 நிமிட ஆட்டம் சரி. இருட்டு, கைவிலங்கு, பேய் வேடம் வேண்டாம். கார் இல்லை, பஸ்தான்.

ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இருவரை மட்டும் சேர்த்து, கதவைப் பூட்டாமல் ஆடவிடும் இடம் எது?